உடம்புக்கு ஒன்று என்றால் யார் பேச்சைக் கேட்பது? வாட்ஸ்அப், டிவி, யூடியூப், நர்ஸம்மா: ஓர் ஒப்பீடு

2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, கர்நாடகம், கோவா, புதுச்சேரி, லட்சத்தீவு ஆகிய இடங்களில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. 9 மாதம் முதல் 15 வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் ஓர் ஊசி. ரூபெல்லா பிள்ளைகளுக்கு வந்தால் லேசான காய்ச்சலும் தடிப்புமாகப் போய்விடும். கர்ப்பிணிக்கு முதல் சில மாதங்களில் வந்தாலோ, பிறக்கும் குழந்தைக்குக் கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு என்று வாழ்நாள் முழுக்கத் தொடரும் பாதிப்பு. அதைத் தடுக்கத்தான் அந்த ஊசி. ஆனால் ஊசி பள்ளிக்கூடத்துக்கு வந்து சேரும் முன்பே அதைப் பற்றிய வதந்தி வாட்ஸ்அப்பில் வீட்டுக்கு வந்துவிட்டது. பக்க விளைவு வரும், போடாதீர்கள் என்ற செய்திகள் பெற்றோர் குழுக்களில் சுற்றின. பலர் பிள்ளைகளுக்கு ஊசி போட மறுத்தார்கள். பிப்ரவரியோடு முடிய வேண்டிய முகாமை மார்ச்சுக்கும் நீட்டிக்க வேண்டியதாயிற்று.

அந்தப் பெற்றோர்கள் பிள்ளைகள் மேல் அக்கறை இல்லாதவர்கள் அல்ல. அக்கறையால்தான் மறுத்தார்கள். பள்ளியிலிருந்து வந்த துண்டுச்சீட்டில் போதிய விளக்கம் இல்லை, கைப்பேசியில் வந்த செய்தியில் விளக்கம் நிறைய இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

நமக்கு உடல்நலத் தகவல் வந்து சேரும் வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, எது உண்மை எது பொய் என்ற ஒரே அளவுகோல் போதாது என்று நினைக்கிறேன். எல்லா வழியிலும் உண்மையும் வருகிறது, பொய்யும் வருகிறது. நான் மூன்று கேள்விகள் கேட்பேன். பேசுவது யார் என்று தெரிகிறதா? நமக்குச் சந்தேகம் வந்தால் திருப்பிக் கேட்க முடியுமா? சொன்னது தப்பாகிவிட்டால், திருத்தம் அதே வழியாக நம்மிடம் வந்து சேருமா? இந்த மூன்றாவது கேள்விக்குத்தான் என்னைப் பொறுத்தவரை எடை அதிகம்.

வாட்ஸ்அப்: அனுப்பியவரைத் தெரியும், எழுதியவரைத் தெரியாது

வாட்ஸ்அப்பின் பலம் அதன் வேகம் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதன் பலம் பாசம். பெரியம்மா அனுப்புகிறார், அண்ணன் அனுப்புகிறார், கூடப் படித்தவர் அனுப்புகிறார். நம் நல்லதுக்குத்தான் அனுப்புகிறார்கள் என்று நமக்குத் தெரியும். அந்த நம்பிக்கை அப்படியே செய்தியின் மேலும் ஒட்டிக்கொள்கிறது. செய்தியை முதலில் எழுதியது யார் என்ற கேள்வி எழுவதே இல்லை.

எழுதிய ஆளின் பெயர் இருந்தாலும் அது உண்மையான பெயர் என்று சொல்ல முடியாது. சூடான தேங்காய்த் தண்ணீர் புற்றுநோய் செல்களைக் கொல்லும் என்று ஒரு செய்தி வருடக்கணக்கில் சுற்றியது. அதன் அடியில் மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் இயக்குநராக இருந்த டாக்டர் ராஜேந்திர பட்வேயின் பெயர். அவர் அப்படிச் சொல்லவே இல்லை என்று மருத்துவமனை மறுப்பு வெளியிட்டது. மறுப்பைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? செய்தியைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் ஆழமாக மூச்சிழுத்து விடாமல் இருமுங்கள் என்பது இன்னொன்று. அமெரிக்க இதய சங்கம் இதைப் பொதுமக்களுக்குப் பரிந்துரைப்பதில்லை என்று எப்போதோ சொல்லிவிட்டது. இதைத் தீங்கில்லாத செய்தி என்று ஒதுக்க முடியாது. நெஞ்சு வலிக்கும்போது 108-ஐ அழைக்க வேண்டிய நிமிடங்கள் இருமலில் போய்விடும்.

நிறுவனமும் சும்மா இருக்கவில்லை. 2018-இல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி செய்தார்கள். கொரோனா பரவிய 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்திகளை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று ஆக்கினார்கள். அத்தகைய செய்திகளை அடையாளம் காட்டும் இரட்டை அம்புக்குறி 2019-லேயே வந்துவிட்டது. நல்ல விஷயம். ஆனால் என் மூன்றாவது கேள்விக்கு அது பதில் ஆகாது. செய்தி எந்தெந்த வீட்டுக்குப் போனது என்று வெளியிலிருந்து யாராலும் பார்க்க முடியாது. அதனால் திருத்தத்தை அந்த வீடுகளுக்கெல்லாம் அனுப்பவும் வழியில்லை. மற்ற ஊடகங்களோடு ஒப்பிட்டால் வாட்ஸ்அப் கடைசியில் நிற்பது இந்த ஒரு காரணத்தால்தான்.

சரி, அதற்கு ஒரு பயனும் இல்லையா? உண்டு. ரத்தம் தேவை, முகாம் எந்தத் தேதி, எந்த மருந்துக்கடையில் இருப்பு இருக்கிறது. இப்படி ஒரு போன் போட்டு உடனே சரிபார்த்துவிடக்கூடிய தகவலுக்கு அதைவிட நல்ல வழி இல்லை. வைத்தியத்துக்கு மட்டும் அது வேண்டாம்.

டிவியும் பத்திரிகையும்: பெயர் உண்டு, முகவரி உண்டு, விளம்பரமும் உண்டு

டிவி நமக்குச் செய்த நல்லதை மறக்கக்கூடாது. 1995-இல் போலியோ சொட்டு மருந்து முகாம்கள் தொடங்கியபோது தேதியை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்ததில் தொலைக்காட்சிக்கும் வானொலிக்கும் பெரிய பங்கு. இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்டார், 2014-இல் போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது. இங்கே தமிழ்நாட்டில் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்ற விழிப்புணர்வு விளம்பரக் கேள்வி சுவரிலும் டிவியிலும் வந்தபோது முகம் சுளித்தவர்கள் பலர். ஆனாலும் ஆணுறை என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லாத ஊரில் அது டீக்கடைப் பேச்சானது. ஒரே செய்தியை, ஒரே சொல்லில், கோடிப் பேருக்குச் சொல்ல வேண்டும் என்றால் இன்னமும் டிவிதான்.

சிக்கல் தொடங்குவது செய்தி சூடாக இருக்கும்போது. 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கோவாக்சின் போட்டுக்கொண்டார். எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று கேமரா முன்னால் கேட்டும்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17-ஆம் தேதி அதிகாலையில் இறந்துபோனார். இதயத்தின் முக்கிய ரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்தது, இதற்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று சிகிச்சை தந்த மருத்துவர்களும் சுகாதாரத் துறைச் செயலாளரும் சொன்னார்கள். அந்தச் சொல்லும் ஒளிபரப்பானது, உண்மைதான். ஆனால் ஊசி போடும் காட்சியும் மருத்துவமனை வாசலும் திரையில் மாறி மாறி ஓடும்போது, வார்த்தை எதைச் சொன்னாலும் கண் வேறொன்றை முடிச்சுப் போட்டுக்கொள்ளும். ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினால் முதலாவதுதான் இரண்டாவதற்குக் காரணம் என்று மனம் எடுத்துக்கொள்கிறது. மத்திய அரசின் குழு ஆராய்ந்து, மரணத்துக்குத் தடுப்பூசி காரணமல்ல என்று முடிவு சொன்னது அக்டோபரில். ஆறு மாதம். இரண்டாம் அலை அதற்கு நடுவில்தான் வந்து போனது. ஊர்ப்புறங்களில் 'விவேக்குக்கே அப்படி ஆச்சே' என்று ஊசியைத் தள்ளிப்போட்டவர்களுக்கு அந்த அக்டோபர் செய்தியால் என்ன பயன்?

பத்திரிகையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெயர் தெரிந்த ஆசிரியர், திருத்தம் போடும் வழக்கம், புகார் கொடுக்கப் பிரஸ் கவுன்சில் எல்லாம் இருப்பதால் இந்த வரிசையில் எனக்கு அதன் மேல் மரியாதை கூடுதல். ஆனால் செய்திப் பக்கத்துக்கும் விளம்பரப் பக்கத்துக்கும் இடையிலான எல்லைக்கோட்டை வாசகர்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நீரிழிவையும் புற்றுநோயையும் குணமாக்குவதாக விளம்பரம் செய்யக்கூடாது என்று 1954-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தாயிற்று. அப்படியும் பதஞ்சலி நிறுவனத்தின் விளம்பரங்களை எதிர்த்து இந்திய மருத்துவச் சங்கம் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2024 ஏப்ரலில் அந்த நிறுவனம் நாளிதழ்களில் பகிரங்க மன்னிப்பு வெளியிட்டது. முதலில் போட்ட மன்னிப்பு சிறியதாக இருக்கிறதே, விளம்பரமும் இதே அளவில்தான் போட்டீர்களா என்று நீதிபதிகள் கேட்டார்கள். ஊடகத்தில் திருத்தம் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நேரான கேள்வி கிடையாது. காலை நேரத்தில் டிவியில் காசு கொடுத்து நேரம் வாங்கி, மூட்டுவலி முதல் குழந்தையின்மை வரை தீர்த்துவைப்பதாகப் பேசுகிற நிகழ்ச்சிகளை நோக்கியும் அதே கேள்வியைக் கேட்கலாம்.

யூடியூபும் இன்ஸ்டாவும்: நல்ல டாக்டரும் அங்கேதான், மற்றவரும் அங்கேதான்

ஒப்பிடுவதற்கே கடினமானது இதுதான். அரசு மருத்துவமனையில் புறநோயாளிக் கூட்டத்தில் ஒரு டாக்டர் நமக்காக ஒதுக்க முடிவது சில நிமிடங்கள். அதே துறை டாக்டர் ஒருவர் யூடியூபில் அரை மணி நேரம் நல்ல தமிழில், படம் போட்டு, மூன்று மாதச் சர்க்கரைச் சோதனை என்றால் என்ன, அந்த எண் எதைக் காட்டுகிறது என்று விளக்குகிறார். இப்படி ஒரு வசதி நம் தாத்தா பாட்டி காலத்தில் கிடையாது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு இந்தியாவில் சுமார் 10 கோடி பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. இத்தனை பேருக்கும் உட்கார்ந்து விளக்க எந்த நாட்டிலும் டாக்டர்கள் இல்லை. அந்த வேலையை நல்ல வீடியோக்கள் செய்கின்றன, அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் அந்த வீடியோ முடிந்ததும் அடுத்து என்ன வருகிறது என்பதை டாக்டர் முடிவுசெய்வதில்லை. எது நம்மை இன்னும் கொஞ்ச நேரம் உட்கார வைக்குமோ அது வருகிறது. 'மாத்திரையை நிறுத்துங்கள், இதை மட்டும் சாப்பிடுங்கள்' என்ற தலைப்புக்கு, 'மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுங்கள்' என்ற தலைப்பைவிட ஈர்ப்பு அதிகம். முதல் வகை நீரிழிவு உள்ள ஒரு குழந்தைக்கு அதை நம்பி இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. அந்தத் தலைப்பை வைத்தவருக்கு அது தெரியப்போவதுகூட இல்லை.

2018 ஜூலையில் திருப்பூரில் ஓர் இளம்பெண் வீட்டிலேயே பிரசவம் பார்த்துக்கொள்ள முயன்று, அதிக ரத்தப்போக்கால் இறந்தார். யூடியூப் வீடியோ பார்த்துப் பிரசவம் என்று நாடு முழுக்கச் செய்தி வந்தது. மகப்பேற்றுக்குப் பிந்தைய ரத்தப்போக்கு எந்த நல்ல மருத்துவமனையிலும் வரலாம். அங்கே ஊசி இருக்கும், ரத்தம் இருக்கும், ஓடிவர ஆட்கள் இருப்பார்கள். வீடியோவில் பிரசவம் எல்லாம் நல்லபடியாகவே முடியும், ஏனென்றால் நல்லபடியாக முடிந்ததைத்தான் ஏற்றுவார்கள். இது எனக்கு மிகவும் கோபம் வருகிற இடம். ஒருவரைத் தனியாகக் குற்றம் சொல்லிவிட்டு நகரக்கூடிய விஷயமும் அல்ல. தோற்ற கதைகள் இல்லாத நூலகத்தில் எதைப் படித்தாலும் ஜெயிப்போம் என்றுதான் தோன்றும்.

பிரபலங்கள் சொல்லும்போது இது இன்னும் பெருகுகிறது. 2024 நவம்பரில் முன்னாள் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து, நான்காம் நிலைப் புற்றுநோயிலிருந்து தன் மனைவி மீண்டதற்கு வேப்பிலை, மஞ்சள், எலுமிச்சை நீர் சேர்ந்த உணவு முறையும் காரணம் என்று செய்தியாளர்களிடம் சொன்னார். அவர் மனைவிக்கு அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் நடந்திருந்தன. துண்டு வீடியோக்களில் அந்தப் பகுதி காணாமல் போய், மஞ்சளும் எலுமிச்சையும் மட்டும் மிஞ்சின. டாடா நினைவு மருத்துவமனையில் பணிபுரிந்த, பணிபுரியும் 262 புற்றுநோய் மருத்துவர்கள் கையெழுத்திட்டு, இதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள் என்று அறிக்கை விட வேண்டியிருந்தது. ஒரு பேச்சுக்கு 262 கையெழுத்து.

ஒப்பிட்டால், யூடியூபில் முதல் கேள்விக்கு விடை தேட முடியும். பேசுபவர் பதிவுபெற்ற மருத்துவரா, எந்தத் துறை என்று பார்க்கலாம். மருத்துவத் தகுதி உள்ளவர்கள் உடல்நலம் பற்றிப் பேசும்போது அதைத் தெரிவிக்க வேண்டும், உடல்நல நிபுணர் போலப் பேசும் பிரபலங்கள் தங்கள் பேச்சு மருத்துவ ஆலோசனைக்கு மாற்றல்ல என்பதைச் சொல்ல வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் நுகர்வோர் விவகாரத் துறை வழிகாட்டுதலும் தந்திருக்கிறது. இரண்டாம் கேள்வி பாதி தேறும், கமெண்டில் கேட்டால் சில டாக்டர்கள் பதில் போடுகிறார்கள். ஆனால் நம் ரிப்போர்ட்டைப் பார்க்காமல் போடும் பதில் அது.

நர்ஸம்மாவும் 104-உம்: மெதுவானது, ஆனால் திரும்பி வரும்

கிராம சுகாதார செவிலியர் யூடியூப் டாக்டர் அளவுக்கு விளக்க மாட்டார். அவர் பொறுப்பில் ஆயிரக்கணக்கான மக்கள். கர்ப்பிணிப் பதிவு, தடுப்பூசிப் பதிவு, கணினியில் ஏற்றும் வேலை என்று அவர் நேரத்தைத் தாளும் திரையும் தின்றுவிடுகின்றன. நகரத்தில் பல குடும்பங்களுக்குத் தங்கள் தெருவுக்கு ஒரு செவிலியர் உண்டு என்பதே தெரியாது. இவை பெரிய குறைகள்.

இருந்தாலும் என் மூன்று கேள்விகளுக்கும் ஆம் என்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். ஊசி போட்ட அன்று இரவு குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தால் அவரிடம் போய்ச் சண்டைகூடப் போடலாம். 'அம்மா, ஊசி போட்டா ரெண்டு நாள் காய்ச்சல் இருக்கும்னு சொன்னேன்ல, அந்த மருந்தைக் குடுத்தீங்களா?' என்று கேட்பார். அடுத்த தவணைக்கு மறுபடியும் அதே வாசலில் வந்து நிற்பார். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இதே வழியைச் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நீட்டியது. தன்னார்வலர் ஒருவர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும்போது, 'மாத்திரை சாப்பிட்டா கிட்னி போயிடுமாமே' என்ற சந்தேகத்தை நேரில் கேட்க ஓர் ஆள் கிடைக்கிறார்.

இரவு பதினோரு மணிக்கு நர்ஸம்மாவை எழுப்ப முடியாது. அப்போதைக்கு 104. மருத்துவ ஆலோசனைக்காக அரசு நடத்தும் எண் அது. மனநல உதவிக்கு 14416 தனியாக இருக்கிறது. இவற்றை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு, அதுதான் அவற்றின் குறை.

இந்த வழிகள் எல்லாம் ஒன்றுக்கொன்று எதிரிகளாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 2021 மே மாதம் படுக்கைக்கும் ஆக்சிஜனுக்கும் மக்கள் தவித்தபோது சென்னையில் ஓர் ஒருங்கிணைந்த கட்டளை மையம் அமைத்து, 104-ஐ ட்விட்டருக்கும் கொண்டுபோனார்கள். பதறிப்போய்ப் பதிவிட்டவருக்கு அதே இடத்தில் அரசுப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. வேகம் சமூக ஊடகத்துடையது, பொறுப்பு அரசுடையது. அந்த மாதிரி ஏற்பாட்டைத் தொற்றுநோய் இல்லாத காலத்திலும் ஏன் வைத்திருக்கக் கூடாது?

என் தேர்வு இதுதான். தடுப்பூசி, கர்ப்பம், கைக்குழந்தை என்றால் நர்ஸம்மாவும் ஆரம்ப சுகாதார நிலையமும், வேறு பேச்சில்லை. இருக்கிற நோயைப் புரிந்துகொள்ள யூடியூப் டாக்டரைப் பார்க்கலாம், ஆனால் மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ நம்மைப் பார்த்த டாக்டரைத் தவிர யாரையும் கேட்கக்கூடாது. ஊரில் டெங்கு, தண்ணீர்ப் பிரச்சினை என்றால் பத்திரிகையின் மாவட்டப் பக்கம். நெஞ்சுவலி, பக்கவாதம், ரத்தப்போக்கு என்றால் எதையும் தேடாமல் 108.

அப்புறம், குடும்பக் குழுவில் பெரியம்மா போடும் வைத்தியக் குறிப்புக்கு அங்கேயே 'பொய்' என்று பதில் எழுதாதீர்கள். பத்துப் பேர் முன்னால் தலைகுனிந்தவர் அடுத்த முறை நம்மைத்தான் தவிர்ப்பார், செய்தியை அல்ல. தனியாக போன் போட்டு, அத்தனை அக்கறையோடு அனுப்பியதற்கு நன்றி சொல்லி, இது இப்படி இல்லையாம் பெரியம்மா என்று விளக்கினால், குழுவில் திருத்தத்தை அவரே போடக்கூடும். அவர் போட்டால் எல்லோரும் படிப்பார்கள்.