ஓப்பன் கிரிட்டிக்: புள்ளியை விடுங்கள், எழுதியவர் பெயரைப் பாருங்கள்

ஹட்டன் பக்கம் இருந்துகொண்டு கேம் வாங்குகிறவனுக்கு விமர்சனம் வாசிப்பது காசுக் கணக்கு. கம்ப்யூட்டர் கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் இலங்கை ரூபாயில் விலை கிடையாது, டொலரில்தான் காட்டும். 60 டொலர் கேம் ஒன்று, டொலரை 300 ரூபாய் என்று வைத்தாலே 18,000. 2024இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயித்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் 13 நாள் முழுப் பேர், அதாவது முழு நாள் கணக்கு, விழுந்தாலும் அந்தக் காசு சேராது. அதற்கு மேல் 70 ஜிபி, 100 ஜிபி என்று இறக்க வேண்டும், அதுவும் நைட் டேட்டா தொடங்கும்வரை முழித்திருந்து, இடையில் கரண்ட் போகாமல் இருந்தால். பிடிக்காவிட்டால் 14 நாளுக்குள், 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீம் காசைத் திருப்பித் தரும். சரி, போன டேட்டாவை யார் தருவது?

அதனால் வாங்குவதற்கு முன்னால் நான் பார்க்கும் இடம் ஓப்பன் கிரிட்டிக். 2015இல் வந்தது, இலவசம். பல தளங்களின் விமர்சனங்களைத் திரட்டி ஒரு சராசரிப் புள்ளி தரும். 2001இலிருந்து இருக்கும் மெட்டாகிரிட்டிக்கும் இதைத்தான் செய்கிறது, ஆனால் அங்கே சில தளங்களின் புள்ளிக்குக் கனம் கூட, சிலதுக்குக் குறைவு, எதுக்கு எவ்வளவு என்று சொல்ல மாட்டார்கள். இங்கே நேரான சராசரி. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் விளங்கும்.

ஆனால் நான் இதைப் பரிந்துரைப்பது சராசரிக்காக இல்லை. விமர்சனம் எழுதியவரின் பெயரை அமுக்கினால் அவருக்கென்று ஒரு பக்கம் திறக்கும், அவர் எந்தெந்தத் தளத்துக்கு என்ன எழுதினார் என்று அங்கே பார்க்கலாம். இதுதான் பெரிய விஷயம். "ஐஜிஎன் 9 கொடுத்துவிட்டது" என்று அந்த விமர்சனத் தளத்தின் பெயரைச் சொல்லி நம் பெடியன்கள் சண்டை பிடிப்பார்கள், கொடுத்தது ஒரே ஒரு ஆள். அந்த ஆள் வெளியிலிருந்து எழுதிக் கொடுக்கிறவராக இருக்கலாம், அடுத்த வருடம் வேறு தளத்தில் இருக்கலாம். பெயர்ப்பலகை மட்டும் அங்கேயே தொங்கும்.

கேம் விமர்சகர் ஜெஃப் கெர்ஸ்ட்மன் கதை பழசு, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். 2007இல் கேன் அண்ட் லிஞ்ச் கேமுக்கு கேம்ஸ்பொட் தளத்தில் 10க்கு 6 புள்ளி கொடுத்தார், அதே நேரம் தளம் முழுக்க அந்தக் கேமின் விளம்பரம். வேலை போனது. விளம்பரக்காரர்களின் நெருக்கடிக்கு நிர்வாகம் வளைந்தது என்று அவர் வாய் திறந்தது 2012இல், அவர் தொடங்கிய ஜயன்ட் பொம் என்ற தளத்தை கேம்ஸ்பொட்டின் சொந்தக்காரர்களே வாங்கிய பிறகு. பிறகு 2023 நவம்பரில் எஸ்கேப்பிஸ்ட் என்ற கேம் தளத்தின் தலைமை ஆசிரியரை நீக்கியதும் வீடியோ அணி கூட்டமாக வெளியேறி செக்கண்ட் விண்ட் என்று சொந்தமாகத் தொடங்கியது. அந்த அணியின் விமர்சகர் யாட்சி குரோஷோ தன் நிகழ்ச்சியின் பெயரைக்கூட எடுத்துப் போக முடியவில்லை, புதுப் பெயரில் வந்தார். பார்த்தவர்கள் அவர் பின்னால் போனார்கள். மாறுகிறவர்கள் எல்லாரையும் சந்தேகப்படவும் தேவையில்லை, கேம்ஸ்பொட்டின் ஆசிரியராக இருந்த கிரெக் கசாவின் கேம் செய்யும் பக்கம் போய் ஹேடிஸ் என்ற கேமுக்குக் கதை எழுதினார், நமக்கு லாபம்தானே!

2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 கேம் வந்தபோது இந்தத் தளத்தின் மேல் எனக்கு மரியாதை கூடியது. வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் கொடுத்தது பிசி பதிப்பு மட்டும், சொந்தமாகப் பதிவு செய்த வீடியோவைக் காட்டவும் தடை. பலர் கொடுத்த புள்ளி 9, 10 என்று பறந்தது. பிளேஸ்டேஷன் 4 போன்ற பழைய கன்சோலில் வாங்கியவர்கள் கையில் கிடைத்தது உடைந்த சாமான். ஓப்பன் கிரிட்டிக் அந்தக் கேமின் பக்கத்திலேயே எச்சரிக்கை போட்டது, கன்சோல் பதிப்பின் நிலையைக் கேமைச் செய்த நிறுவனம் வேண்டுமென்றே மறைத்ததாகச் சந்தேகிக்கிறோம் என்று வெளிப்படையாக. ஐஜிஎன் கன்சோல் பதிப்புக்குத் தனியாக 4 கொடுத்தது. சோனி தன் கடையிலிருந்தே கேமைத் தூக்கியது. அப்போது சராசரியை மட்டும் பார்த்து பிளேஸ்டேஷன் 4க்கு வாங்கியவனை நினைத்துப் பாருங்கள்.

குறை இல்லாமல் இல்லை. 2024இல் ஓப்பன் கிரிட்டிக்கை வால்நெட் என்ற நிறுவனம் வாங்கியது. கேம்ரான்ட், தகேமர் ஆகிய கேம் தளங்களும் அவர்களுடையவை, 2025இல் பொலிகொனும் அவர்கள் கைக்குப் போனது. விமர்சனம் எழுதும் தளமும் அதை எண்ணும் தளமும் ஒரே முதலாளியிடம். புள்ளியில் கை வைத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை, அப்படி எதையும் காணவும் இல்லை. ஆனாலும் தங்கள் குடும்பத் தளங்களின் விமர்சனத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அடையாளம் போட்டால் என்ன? அதோடு விமர்சகரின் பக்கத்தில், இவர் எந்த வருடம் எங்கே இருந்தார், எப்போது மாறினார் என்று மேலேயே ஒரு வரி வேண்டும். இப்போது அதைப் பழைய விமர்சனங்களின் தேதிகளைக் கிளறித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது, நம்ம சிக்னலில் அது லேசான வேலை இல்லை.