ஒரே பக்கத்தில் அந்நிய ஸ்கிரிப்ட்: பூட்டை எங்கே போடுவது?

"டோக்கனை குளோஷருக்குள் வெச்சாச்சு, வெளியிலிருந்து யாரும் தொட முடியாது" என்றார் உடன் வேலை பார்க்கும் தம்பி. டோக்கன் என்பது லாகின் செய்தவரை சர்வருக்கு அடையாளம் காட்டும் ரகசியச் சாவி; குளோஷர் என்பது ஒரு ஃபங்ஷனுக்குள் ஒளித்துவைத்த மதிப்பு. கன்சோலைத் திறந்து, சர்வருக்குக் கோரிக்கைகளை எடுத்துச்செல்லும் பிரவுசரின் ஃபெட்ச் இருந்த இடத்தில் நான் எழுதிய ஃபங்ஷனை வைத்தேன். 'ஆர்டர்கள்' பட்டனை அவரே அழுத்தினார். ஆதரைசேஷன் ஹெடரோடு டோக்கன் என் கையில் வந்து விழுந்தது. குளோஷர் பத்திரமாகத்தான் இருந்தது. எடுத்துக்கொண்டு போகிற ஆள்தான் மாறிவிட்டான்.

வேறொருவர் எழுதிய சாட் விட்ஜெட்டோ அனலிடிக்ஸோ, ஸ்கிரிப்ட் டேக் போட்டு உள்ளே விட்டால் நம் கோடுக்கு உள்ள அதே அதிகாரம் அதற்கும் உண்டு.

பிரவுசரே தரும் ஃபெட்ச் போன்றவற்றை யாரும் மாற்ற முடியாதபடி ஃப்ரீஸ் செய்துவிடுவது ஒரு வழி. ஆனால் நம் கோடு முதலில் ஓடியாக வேண்டும். அப்படி ஓடினாலும், பக்கத்தில் தட்டச்சாகும் கார்டு எண்ணை அந்நிய ஸ்கிரிப்ட் படிப்பதை ஃப்ரீஸ் தடுக்காது. ஒரே ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினுக்குள் சுவர் எழுப்புவது எவ்வளவு சிரமம் என்பதற்கு, பிரவுசரில் ஓடும் டிசைன் செயலியான ஃபிக்மா சாட்சி. 2019இல் பிளகின்களை, அதே எஞ்சினுக்குள் சுவர் எழுப்பும் ரெல்ம்ஸ் ஷிம் என்ற நூலகத்துக்குள் ஓடவிட்டார்கள். அதில் ஓட்டைகள் தெரியவந்ததும், வெப் அசெம்பிளியாக (பிரவுசரில் ஓடும் பைனரி கோடாக) மாற்றிய குயிக்ஜேஎஸ் என்ற தனி ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினுக்குப் போனார்கள்.

அடுத்தது சிஎஸ்பியும் எஸ்ஆர்ஐயும். பக்கம் எங்கிருந்து கோடு எடுக்கலாம், எங்கே தரவு அனுப்பலாம் என்று பிரவுசருக்குச் சொல்லும் விதிப்பட்டியல் சிஎஸ்பி; வரும் ஃபைல் நாம் குறித்துவைத்த கைரேகையோடு (ஹாஷ்) பொருந்துகிறதா என்று பார்ப்பது எஸ்ஆர்ஐ. எஸ்ஆர்ஐ ஹாஷ், மாறாத ஃபைலுக்கு அருமை. ஆனால் 2024இல் கைமாறிய டொமைனிலிருந்து விஷம் பரப்பிய, பழைய பிரவுசர்களில் இல்லாத வசதிகளை நிரப்பித் தரும் பாலிஃபில் சேவை, பிரவுசருக்கு ஏற்ப வேறு வேறு கோடு தருவது. அதற்கு ஒரே ஹாஷ் எப்படிப் போடுவது? சிஎஸ்பி வேறு ரகம். 2018இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்தில் நுழைந்த 22 வரிகள், கார்டு விவரங்களை அந்த நிறுவனத்தின் பெயரை ஒத்த வேறொரு டொமைனுக்கு அனுப்பின. எங்கெங்கே அனுப்பலாம் என்ற பட்டியல் கறாராக இருந்திருந்தால் அந்த வழி அடைபட்டிருக்கும். பட்டியலில் உள்ள அனலிடிக்ஸ் கணக்கு வழியாகவே திருடுபவர்களும் உண்டு என்பது வேறு கதை.

என் ஓட்டு, பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் ஐஃப்ரேமுக்கு. வேறு ஆரிஜின் (வேறு தள முகவரி) என்றால் எல்லையைக் காப்பது பிரவுசரே. அந்நியனை, அனுமதிகளைக் குறைத்த ஐஃப்ரேமான சேண்ட்பாக்ஸில் அடைக்கலாம். அல்லது, பணம் செலுத்தும் சேவையான ஸ்ட்ரைப் செய்வதுபோல, கார்டுக் கட்டத்தையே தனி ஆரிஜினில் வைக்கலாம். நம் ஆரிஜினிலிருந்தே வரும் ஃப்ரேமுக்கு ஸ்கிரிப்ட் அனுமதியையும் அதே ஆரிஜின் அனுமதியையும் சேர்த்துக் கொடுத்தால், உள்ளிருப்பவன் சேண்ட்பாக்ஸையே கழற்றிவிடுவான். அதே ஆரிஜின் அனுமதி இல்லாத சேண்ட்பாக்ஸிலிருந்து வெளிப்பக்கத்துக்கு வரும் செய்தியின் ஆரிஜின் 'நல்' (null) என்றுதான் இருக்கும். அதனால் எந்த ஃப்ரேம் அனுப்பியது என்று செய்தியின் சோர்ஸைப் பார்க்க வேண்டும். உள்ளே இருப்பதற்கு ஏற்ப ஃப்ரேமின் உயரத்தைச் சரிசெய்யும் தலைவலி தனி.

இதிலும் பொத்தல் உண்டு: வெளிப்பக்கத்தில் ஓடும் ஸ்கிரிப்ட், நிஜக் கட்டத்தின் மேல் போலிக் கட்டம் ஒன்றை வரைந்துவிடலாம். அதனால் எங்கள் செக்அவுட் பக்கத்தில் ஐஃப்ரேமும் கறாரான சிஎஸ்பியும் இருக்கின்றன. சாட் விட்ஜெட் கிடையாது. மார்க்கெட்டிங்காரர்கள் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.