பெமிக்கனா, ட்சம்பாவா, பினோலேயா: நடைப்பயணத்துக்கு எதைக் கட்டிக்கொண்டு போகலாம்?

கட்டுச்சோறு எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று கேட்பார்கள். முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஐந்து நாள் நடக்கக் கிளம்புகிறவருக்கு இது உண்மையான கேள்வி. பனியிலும் மலையிலும் காலங்காலமாக நடந்த மக்கள் இதற்குப் பல விடைகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவற்றில் சிலவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

எடையை மட்டும் பார்த்தால் பெமிக்கன்தான் ராஜா. வட அமெரிக்கச் சமவெளிப் பழங்குடிகளின் உணவு இது. காட்டெருமை இறைச்சியை மெல்லிய பாளங்களாக உலர்த்தி, இடித்துத் தூளாக்கி, உருக்கிய கொழுப்பை ஊற்றிக் கலப்பார்கள். சில சமயம் உலர்ந்த பெர்ரிப் பழமும் சேரும். க்ரீ மொழியில் கொழுப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் பெயரே வந்தது. கொழுப்பும் இறைச்சியும் சரிபாதி இருந்தால் 100 கிராமில் சுமார் 650 கலோரி. சரியாகச் செய்து வைத்தால் வருடக்கணக்கில் கெடாது. தோல் வணிகத்துக்காகப் படகோட்டியவர்கள் இதை நம்பியே நாட்களைக் கடத்தினார்கள். 1814-ல் இன்றைய கனடாவில் இருந்த ரெட் ரிவர் குடியேற்றத்தின் ஆளுநர் மைல்ஸ் மெக்டொனல் பெமிக்கனை வெளியே கொண்டுபோகத் தடை போட்டது, இரண்டு வணிக நிறுவனங்களுக்கு இடையிலான பெரிய மோதலில் போய் முடிந்தது. 1911-ல் தென் துருவத்தைத் தொட்ட அமுண்ட்சென் குழுவின் சாப்பாட்டிலும் பெமிக்கன் இருந்தது.

ஆனால் இவர்களில் பெரும்பாலோர் குளிரில் நடந்தவர்கள், அல்லது நாள் முழுக்கத் துடுப்புப் போட்டவர்கள். உறையும் குளிரில் உடம்பே கொழுப்பைக் கேட்கும். மிதமான வெயிலில் நடக்கும்போது அதே பெமிக்கன் பைக்குள் இளகி, சுற்றிய தாளில் எண்ணெய் கசிந்து, இரண்டாம் நாளே திகட்டிவிடும். பனிப் பயணம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். மற்றபடி வேண்டாம்.

அடுத்தது ட்சம்பா. திபெத்தியர்களின் வறுத்த பார்லி மாவு. 100 கிராமுக்கு 360 கலோரி வாக்கில்தான் வரும். ஒரு நாளைக்கு 3,000 கலோரி என்று வைத்தால், ஐந்து நாளுக்குப் பெமிக்கன் 2.3 கிலோ போதும். வெறும் மாவாக என்றால் 4 கிலோவைத் தாண்டும். கணக்கு இங்கேயே முடிந்துவிட்டது போலத் தெரியும். முடியவில்லை.

காரணம், அடுப்பு. 4,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 87 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். அரிசியோ பருப்போ வேக நேரம் இழுக்கும், எரிவாயு கரையும். ட்சம்பாவுக்கு அந்தக் கவலை கிடையாது. வறுக்கும்போதே வெந்துவிட்டது. கிண்ணத்தில் கொஞ்சம் வெண்ணெய்த் தேநீரை ஊற்றி, மேலே மாவைக் குவித்து, விரலால் ஓரத்திலிருந்து உள்ளே தள்ளித் தள்ளிப் பிசைய வேண்டும். முதலில் விரலில் ஒட்டும். பிறகு கிண்ணத்தின் சுவரையே துடைத்துக்கொண்டு உருண்டையாகத் திரளும். வறுத்த தானிய வாசனை அப்போதுதான் கிளம்பும். மழை விடாமல் பெய்து அடுப்பே பற்றாத ஒரு மாலையில், பச்சைத் தண்ணீரில் பிசைந்து சாப்பிட்டிருக்கிறேன். சுவை குறைவுதான், ஆனால் வயிறு நிறைந்தது. அன்றிலிருந்து என் ஓட்டு இதற்குத்தான்.

இதன் நேரடிப் போட்டியாளர் பினோலே. மெக்சிகோவின் சிவாவா மலைப்பகுதியில் வாழும், நெடுந்தூர ஓட்டத்துக்குப் பெயர்போன ராராமுரி மக்களின் உணவு. வறுத்து அரைத்த மக்காச்சோளம். தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு நடையைத் தொடரலாம். நின்று பிசையக்கூட நேரமில்லை என்றால் ட்சம்பாவைவிட இது வசதி. ஆனால் மக்காச்சோளக் கருவில் எண்ணெய் அதிகம், முழுத் தானியமாக அரைத்த மாவு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். கிளம்புவதற்கு முந்தைய வாரம் வறுத்து அரைத்தால் பிரச்சினை இல்லை. கேனரி தீவுகளின் கோஃபியோவும் இதே குடும்பம்தான். அங்கே மேய்ப்பர்கள் ஆட்டுத்தோல் பைக்குள்ளேயே மாவைப் போட்டுப் பிசைந்துகொள்வார்கள். கழுவப் பாத்திரமே கிடையாது!

உலர் இறைச்சியைப் பலர் முதலிடத்தில் வைக்கிறார்கள். அங்கே நான் ஒத்துப்போக மாட்டேன். ஆண்டிஸ் மலையின் சார்க்கி (ஜெர்க்கி என்ற பெயரே கெச்சுவா மொழியின் இந்தச் சொல்லிலிருந்து வந்தது), தென்னாப்பிரிக்காவின் வினிகரும் கொத்தமல்லி விதையும் போட்ட பில்டாங், இரண்டுமே ருசிதான். ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் புரதமும் உப்பும். தாகம் எடுக்கும், நடக்கத் தேவையான மாவுச்சத்தோ கொழுப்போ போதாது. தண்ணீர் அரிதான பாதையில் இதை முக்கிய உணவாக நம்பிப் போவது தப்புக் கணக்கு. மாலையில் சூப்பில் நாலு துண்டு போட, சரி.

கப்பல் பிஸ்கட்டான ஹார்ட்டேக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாவு, தண்ணீர், உப்பு, கல் போன்ற கடினம். ஊறவைக்காமல் கடித்தால் பல் போய்விடும்.

நடந்துகொண்டே கடிக்க ஜார்ஜியாவின் சுர்ச்கேலாவுக்கு ஈடு இல்லை. வால்நட் பருப்பை நூலில் கோத்து, மாவு சேர்த்துக் கெட்டியாகக் காய்ச்சிய திராட்சைச் சாற்றில் முக்கி முக்கித் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். சர்க்கரையும் கொழுப்பும் ஒரே கயிற்றில். கையில் ஒட்டாது, தண்ணீர் வேண்டாம், அடுப்பும் வேண்டாம்.

அப்புறம் அந்த எடைக் கணக்கு. ட்சம்பா 70 கிராமுக்கு 30 கிராம் வெண்ணெய் சேர்த்தால் 100 கிராமில் 470 கலோரி பக்கம் வந்துவிடும். நான் மாவை வேளைக்கு ஒரு பொட்டலமாக, உப்பைக் கலந்தே கட்டிவிடுவேன். வெண்ணெய் மட்டும் தனியாக, இறுக மூடும் டப்பாவில், பையின் நடுவில், வெயில் படாத துணிகளுக்குள். சுர்ச்கேலா மேல் ஜிப்பில்.