முதற் பக்கம் இல்லாத அல்பம்: திருகோணமலைக் கடைகளில் கிடைக்கும் ஸ்கிராப்புக் சாமான்கள் எப்படி?

வாங்கி வந்த ஸ்கிராப்புக் அலுமாரியில் ஏறியதோடு சரி. ஸ்டிக்கர் தாள் உறை பிரிக்காமல் கிடக்கும், பேனை மூடி திறக்காமல் காய்ந்துபோயிருக்கும், முதற் பக்கம் வாங்கிய அன்று இருந்தபடியே வெறுமையாக இருக்கும். கேட்டால் "நேரம் கிடைக்கேல்லை" என்பார்கள். நேரம் கிடைத்த விடுமுறையிலும் அந்தப் புத்தகம் திறக்கப்படாததற்கு, பெரும்பாலும் வாங்கிய சாமான்தான் காரணம்.

மத்திய வீதி, வடகரை வீதிப் பக்கத்துப் புத்தகக் கடைகளிலும் ஸ்டூடியோக்களிலும் "படம் ஒட்டி எழுதி வைக்கிற புத்தகம்" என்று கேட்டால் இரண்டு வகையை எடுத்து நீட்டுவார்கள். ஒன்று, கம்பிச் சுருள் போட்ட ஸ்கிராப்புக். மற்றது, பிளாஸ்டிக் தாளை உரித்துப் படத்தை வைத்து மூடும் அல்பம். உண்மையில் இந்த வேலைக்கு உதவும் மூன்றாவது சாமானை யாரும் எடுத்துத் தருவதில்லை. அது கந்தோர்ச் சாமான்கள் அடுக்கிய தட்டில் இருக்கிறது: சாதாரண ஏ4 ரிங் ஃபைல்.

சுருள் புத்தகம் பார்வைக்கு அழகு. கறுப்பு அல்லது பழுப்பு மட்டைத் தாள், வெளியே துணி உறை, சிலவற்றில் ரிப்பன் வேறு. வேலை தொடங்கியதும் குறை தெரியும். தாள்கள் கட்டப்பட்டிருப்பதால் எது முதலில் வர வேண்டும் என்பதை ஒரு படம்கூட ஒட்டுவதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டும். கலியாணத்தில் தொடங்குவதா, அதற்கு முந்திய சாமத்தியச் சடங்குப் படத்திலா, அம்மம்மாவின் பழைய ஸ்டூடியோப் படத்திலா என்று யோசித்தே பொழுது போய்விடும். பிழைத்தால் தாளைக் கிழிக்க வேண்டும். கிழித்த பல்லோரம் சுருளுக்குள் சிக்கி நிற்கும். இரண்டாவது குறை தடிப்பு. முதுகுப் பக்கத்தில் சுருளின் அகலம் மாறாது, வெளி ஓரத்தில் படங்கள் ஏற ஏறத் தடிப்புக் கூடும். பத்துத் தாள் இரண்டு பக்கமும் ஒட்டியதும் புத்தகம் முதலை வாய் திறந்த மாதிரிப் பிளந்து நிற்கும், மூடாது. மலிவான கறுப்புத் தாளின் சாயம் ஈரம் பட்டால் கசிந்து வெள்ளை ஓரமுள்ள படங்களில் ஏறுவதும் உண்டு. பள்ளிக்கூடச் செயற்றிட்டத்துக்கு, ஒரு தவணை தாங்கினால் போதும் என்றால் வாங்கலாம். முப்பது வருடம் கழித்துப் பேரப்பிள்ளை புரட்ட வேண்டிய புத்தகத்துக்கு இது சரிவராது.

இதனோடு பெட்டியாக வரும் அலங்காரச் சாமான்களைப் பற்றி ஒரு சொல். இதயம், ரோஜா, ஈபிள் கோபுரம். கன்னியா வெந்நீர்க் கிணற்றில் வாளியோடு நிற்கும் மாமாவுக்குப் பக்கத்தில் ஈபிள் கோபுரத்துக்கு என்ன வேலை? ஸ்டிக்கருக்கு இடம் தேடத் தொடங்கினால் படம் ஒட்டும் வேலை அப்படியே நின்றுவிடும். அந்தக் காசில் நல்ல தாள் வாங்கலாம்.

உரித்து ஒட்டும் அல்பம் இன்னும் மோசம், ஆனால் அதன் மோசம் உடனே தெரியாது. இதைக் காந்த அல்பம் என்றும் சொல்வார்கள். காந்தம் எதுவும் இல்லை. மட்டையில் வரி வரியாகப் பசை பூசி, மேலே பிளாஸ்டிக் தாள் மூடியிருப்பார்கள். ஐந்து நிமிடத்தில் ஒரு பக்கம் முடிந்துவிடும் என்பதுதான் அதன் கவர்ச்சி. வருடங்கள் போகப் பசை மஞ்சளாகும். பிறகு இரண்டிலொன்று நடக்கும்: பசை வறண்டு படங்கள் கழன்று விழும், அல்லது இறுகிப் படத்தை விடவே விடாது. மேல் தாள் பிவிசி எனும் பிளாஸ்டிக்காக இருந்தால் அது சிதையும்போது வெளிவரும் அமிலமும் படத்தைத் தாக்கும். எண்பதுகளில் கட்டிய அல்பங்களைத் திறந்து பார்த்தால் பசை வரிகள் படத்தின் முதுகில் பழுப்புக் கோடுகளாகப் பதிந்திருக்கும்.

வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் முதலில் பக்கம் பக்கமாகப் படம் பிடியுங்கள். பிறகுதான் கழற்ற வேண்டும். மெழுகு, வாசனை சேராத பல் இடை நூலை படத்தின் ஒரு மூலைக்குக் கீழே செருகி, அரம் இழுப்பதுபோல் மெல்ல இடம் வலமாக இழுத்து நகர்த்துங்கள். படத்தை வளைக்க வேண்டாம். வளைந்தால் மேற்பூச்சு வெடிக்கும், அந்த வெடிப்பு மாறாது. விடாத படத்தை விட்டுவிட்டு அதன் பிரதியைப் பயன்படுத்துவதே புத்தி. கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிப்போன படத்துக்கும் இதுவே விதி: இழுக்காமல், கண்ணாடியோடேயே பிரதி எடுங்கள்.

இனி ரிங் ஃபைல். இதன் பெரிய குணம், இதில் முதற் பக்கம் என்று ஒன்று இல்லை. இன்று செய்யும் பக்கம் நாளை பதினைந்தாவது ஆகலாம். பிழைத்த தாளைக் கழற்றி எறியலாம், யாருக்கும் தெரியாது. கட்டிய புத்தகத்தைத் திறக்கவே தயங்குபவர்கள் ரிங் ஃபைலில் ஒரே மாலையில் இரண்டு பக்கம் முடிப்பதற்குக் காரணம் இவ்வளவுதான்.

வாங்க வேண்டியவை: 25 மில்லிமீற்றர் வளையமுள்ள ஃபைல் ஒன்று, வளையம் முழு வட்டமாக அல்லாமல் 'டி' எழுத்து வடிவில் இருந்தால் தாள்கள் நேராக அடுக்கி நிற்கும். 200 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 200 கிராம்) அளவு தடிப்புள்ள வெள்ளை மட்டை. ஏ4 ஆக வெட்டியது கிடைக்காவிட்டால் பிரிஸ்டல் போட் வாங்குங்கள். பெரிய தாளொன்றில் நாலு ஏ4 வெட்டலாம். வெள்ளையே எடுங்கள், நிறத் தாளின் சாயம் நம்ப முடியாதது. பிறகு துளையிட்ட பிளாஸ்டிக் உறைகள். இங்கேதான் கவனம் வேண்டும். உறை பொலிப்புரொப்பிலீனாக இருக்க வேண்டும். பெட்டியில் 'பிபி' என்றோ முக்கோணத்துக்குள் 5 என்றோ இருக்கும். 3 என்றிருந்தால் அது பிவிசி. எதுவும் எழுதாவிட்டால் முகர்ந்து பாருங்கள்: புது மழைக்கோட்டு மணம் அடித்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

இந்த அளவு ஃபைலில் படம் ஒட்டி உறையிட்ட தாள் இருபதுக்கு மேல் வைக்க வேண்டாம். நெருக்கினால் வளையத்தருகே தாள் மடியத் தொடங்கும்.

அளவுக் கணக்கு ஒருமுறை விளங்கினால் பக்கம் வடிவமைக்க மூளையைப் பிழிய வேண்டியதில்லை. ஏ4 தாள் 210க்கு 297 மில்லிமீற்றர். சாதாரண 4ஆர் படம் 102க்கு 152. இரண்டு படங்களை நிறுத்திப் பக்கத்தில் பக்கம் வைத்தால் 204. ஓரத்தில் மூச்சுவிட இடமில்லை. படுக்கையாக ஒன்றன்கீழ் ஒன்று வைத்தால் உயரத்தில் 93 மில்லிமீற்றர் மிஞ்சும். அது எழுதுவதற்குத் தாராளம். ஆகவே பக்கத்துக்கு இரண்டு படம், கீழே எழுத்து. எல்லாப் பக்கமும் இப்படியே இருக்கட்டும். அழகு போதாது என்று தோன்றினால் முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எதில் தொடங்குவது? "எங்கள் குடும்ப வரலாறு" என்று தொடங்கினால் அது அன்றைக்கே நின்றுவிடும். ஒரு நாள், ஓர் இடம், பன்னிரண்டு படம், ஆறு பக்கம். கன்னியாவுக்குப் போன ஒரு காலைப்பொழுது போதும். ஏழு கிணறும் ஒவ்வொரு சூடு, யார் எந்தக் கிணற்றில் கையை இழுத்தார்கள் என்பதே ஒரு பக்கம். கிண்ணியாப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இன்னொரு நல்ல தொடக்கம் உண்டு: 2009இல் 396 மீற்றர் பாலம் திறக்கும் முன் ஆட்களையும் வாகனங்களையும் அக்கரை சேர்த்த 'பாதை' எனும் மிதவை. அதில் நின்று எடுத்த படம் ஒன்றும், அதே இடத்தில் பாலத்தோடு இன்று எடுத்த படம் ஒன்றும் ஒரு தாளில் வந்தால் எழுத வேண்டியது தானாக வரும்.

சுனாமியிலும் இடம்பெயர்விலும் அல்பம் முழுவதையும் இழந்த வீடுகளில் சிக்கல் வேறு. அங்கே படம் வெளிநாட்டுச் சொந்தங்களின் தொலைபேசிகளில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, நீளப் பக்கம் 1600 பிக்சல் அளவில் வந்து சேரும். 4ஆர் அச்சுக்கு அது சமாளிக்கும்; அதைவிடப் பெரிதாக்கினால் முகம் பஞ்சுபோல் கரையும். 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்பச் சொன்னால் எடுத்தபடியே முழுதாக வரும். பழைய அச்சுப் படத்தை ஸ்கேன் பண்ணித் தரக் கேட்பதென்றால் 600 டிபிஐ என்று சொல்லுங்கள். ஸ்கேனர் இல்லாதவர் விறாந்தை நிழலில் படத்தைத் தட்டையாக வைத்து, ஃப்ளாஷ் இல்லாமல், தொலைபேசியை நேர் மேலே பிடித்து எடுத்தால் போதும். அந்தியேட்டிச் சடங்குக்கு அடித்த கல்வெட்டு எனும் நினைவுப் புத்தகங்களையும் தேடச் சொல்லுங்கள். இறந்தவரின் படமும் வம்சாவழியும் பிறந்த தேதியும் ஒரே இடத்தில் அச்சில் கிடைப்பது அதில்தான்.

அச்சுக்குக் கொடுக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. தொலைபேசிப் படம் பெரும்பாலும் 4க்கு 3 விகிதம், 4ஆர் தாள் 3க்கு 2. ஆறு அங்குல அகலத்தில் அச்சிட்டால் உயரம் நாலரை அங்குலம் வர வேண்டும், தாளோ நாலு அங்குலம்தான். மிச்ச அரை அங்குலம் மேலேயும் கீழேயும் போய்விடும். தேரடியில் எடுத்த குடும்பப் படத்தில் பெரியப்பாவின் தலையும் சின்னவனின் செருப்பும் காணாமற் போவது இப்படித்தான். "வெட்டாமல், வெள்ளை ஓரம் விட்டு அடியுங்கோ" என்று கொடுக்கும்போதே சொல்ல வேண்டும். படங்களுக்குத் தொடர்பாடல் நிலையங்களில் எடுக்கும் கலர் பிரதியைத் தவிருங்கள். பிவிசி உறையென்றால் அதன் மைப்பூச்சு நாளடைவில் உறையில் ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டுவதற்கு பைண்டர் கம் வேண்டாம். அது தண்ணீர்ப் பசை, மட்டை நெளியும், படம் சுருளும். செலோடேப் மஞ்சளாகிக் கசியும். மாப்பசை இராமபாணப் பூச்சிக்கு விருந்து. படத்தில் எந்தப் பசையும் படாத வழி 'மூலைகள்'தான், அதாவது படத்தின் நாலு மூலைகளையும் செருகும் சிறு காகிதப் பைகள். கடையில் இல்லையென்றால் வீட்டிலேயே செய்யலாம்: வெள்ளைத் தாளில் 30க்கு 15 மில்லிமீற்றர் துண்டு வெட்டுங்கள். நீளப் பக்கத்தின் நடுவைப் புள்ளியிட்டு, இரு பக்கத்து மேல் மூலைகளையும் கீழ்நோக்கி அந்த நடுக்கோட்டில் சந்திக்கும்படி மடித்தால் முக்கோணப் பை கிடைக்கும். மடிப்பு இருக்கும் பக்கம்தான் முதுகு. முதலில் நாலு மூலைகளையும் படத்தில் மாட்டி, பிறகு மூலைகளின் முதுகில் மட்டும் பசைக் குச்சியைத் தொட்டு, படத்தோடு சேர்த்து மட்டையில் அழுத்துங்கள். மூலையை முதலில் ஒட்டிவிட்டுப் படத்தைச் செருகப் பார்த்தால் ஒரு மூலையாவது இரண்டு மில்லிமீற்றர் தள்ளி நிற்கும். பன்னிரண்டு படத்துக்கு 48 மூலை. ஒரு மாலை அதற்கே போகும்.

பஸ் டிக்கெற், கடைப் பில் போன்றவை வெப்பத் தாளில் அச்சானவை, எழுத்து மறைந்துவிடும். பிரதி எடுத்து அதை ஒட்டுங்கள். பத்திரிகைத் துண்டுக்கும் அதே வழி.

எழுத்தைப் படத்தின் முதுகில் அல்ல, மட்டையில் எழுதுங்கள். பென்சில் போதும். பேனை வேண்டுமானால் பிக்மென்ட் மை (நீரில் கரையாத நிறத்துகள் கலந்த மை). ஜெல் பேனை ஈரக் கையில் இழுபடும். "அம்மம்மா" என்று மட்டும் எழுதினால் அடுத்த தலைமுறை யாருடைய அம்மம்மா என்று கேட்கும். முழுப்பெயர், இடம், வருடம், இடமிருந்து வலமாக யார் யார், படம் எடுத்தது யார். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

காலமும் பார்க்க வேண்டும். வாடைக் காற்றுத் தொடங்கி மழை விடாத மாதங்களில் மட்டை ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். அப்போது உறையிட்டால் ஈரமும் உள்ளே பூட்டப்படும், பூஞ்சணம் பிடிக்கும். கச்சான் காற்றடிக்கும் ஆனி, ஆடியில் நண்பகலில் வேலை செய்வது உத்தமம். ஃபைலை நிறுத்தி வையுங்கள், வெளிச்சுவரோடு சேர்ந்த அலுமாரியின் அடித்தட்டில் அல்ல. சிலிக்கா ஜெல் பை போடுவதென்றால் மூடி இறுகிய பெட்டிக்குள் போடுங்கள். திறந்த அலுமாரியில் அது இரண்டொரு நாளில் நிரம்பிச் சும்மா கிடக்கும்.

ரிங் ஃபைலைக் கடையிலேயே பத்துத் தடவை திறந்து மூடிப் பார்த்து எடுங்கள். வளையத்தின் இரு நுனிகளுக்கும் இடையில் ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளி இருந்தாலும் ஒவ்வொரு புரட்டலிலும் உறையின் துளை கிழியும்.