அரசு வீடா, வீட்டுப் படியா?

தலைநகரில் தங்கவேண்டிய அரசியல்வாதிக்கு வீட்டையே கொடுப்பதா, வீட்டுச் செலவுக்குப் பணம் கொடுப்பதா?

பணம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை 2009இல் பிரிட்டன் பார்த்தது. எம்.பி.க்களின் செலவுக் கணக்குகள் நாளிதழில் வெளியாயின. ஒருவர் குளத்தில் மிதக்கும் வாத்து வீட்டுக்கு 1,645 பவுண்டு கேட்டிருந்தார் (கொடுக்கவில்லை, பாவம்). சிரித்து முடித்தபின் பார்த்தால் விஷயம் வேறு. அப்போது படி கிடைத்தது எம்.பி.யின் 'இரண்டாவது வீட்டு'க்கு. எது அந்த வீடு என்பதை அவரே அறிவிக்கலாம், மாற்றியும் கொள்ளலாம். ஒன்றைப் பழுதுபார்த்துவிட்டு அடுத்ததற்குத் தாவலாம். வீட்டுக்கடன் வட்டி மக்கள் பணத்தில், சொத்து அவர் பெயரில்! அப்புறம் ஐப்சா என்ற தனி அமைப்பு வந்து வட்டிக்கு முற்றுப்புள்ளி வைத்தது, இப்போது வாடகைதான்.

வீட்டையே கொடுத்தால் இந்த ஓட்டை அடைபடும். பதவி போனால் சாவியும் போகும். சரி, பராமரிப்பு? கனடா பிரதமரின் சசெக்ஸ் டிரைவ் இல்லத்தில், 2015இல் பதவிக்கு வந்த ஜஸ்டின் ட்ரூடோ குடியேறவே இல்லை. 'மக்கள் பணத்தைத் தன் வீட்டுக்கே செலவழித்தார்' என்ற பேச்சுக்குப் பயந்து பிரதமர்கள் பழுதுபார்ப்பதைத் தள்ளிப்போட, 2022இல் அதை மூடவேண்டியதாயிற்று.

என்னைக் கேட்டால், இருந்தாலும் வீடே மேல். கோடு மட்டும் தெளிவாகப் போடவேண்டும். வெள்ளை மாளிகையில் அரசு விருந்து அரசுக் கணக்கு, அதிபர் குடும்பத்தின் அன்றாடச் சாப்பாட்டுக்கு அவருக்கே பில். சுவீடனில் எம்.பி.யின் அரசுக் குடியிருப்பில் துணைவரும் தங்கினால், அவர் பங்கு வாடகையைக் கட்டவேண்டும்.