நெய்தல் கல் உப்பு: இரண்டு மாதம் சமைத்துப் பார்த்த பிறகு

இரண்டு மாதமாக எங்கள் வீட்டில் நெய்தல் கல் உப்புதான். தமிழ்நாடு உப்புக் கழகத்தின் சரக்கு. கழகம் 1974இலிருந்து இருக்கிறது, ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் உப்பு விளைவிக்கிறார்கள், ஆனால் நெய்தல் என்ற பெயரில் கடைக்கு வந்தது 2022இல்தான்.

சமையலை முதலில் சொல்லிவிடுகிறேன். ரசம், புளிக்குழம்பு, இட்லி மாவு எல்லாவற்றுக்கும் நன்றாக இருக்கிறது. தூள் உப்பை விட்டு மாறுகிறவர்கள் முதல் நான்கு நாள் கரண்டியைக் குறைத்தே போடுங்கள், கை பழக வேண்டும். ஒரு பிடி உப்பைக் கண்ணாடி டம்ளரில் கரைத்து அரை மணி நேரம் அப்படியே விட்டுப் பார்த்தேன், அடியில் சொல்லும்படி எதுவும் தங்கவில்லை. வடுமாங்காய்க்கும் இதையேதான் போட்டேன், தண்ணீர் நன்றாக விட்டு ஊறியிருக்கிறது.

ஆனால் நான் மாறினது ருசிக்காக இல்லை.

என் சித்தி வீடு தூத்துக்குடி முள்ளக்காட்டுப் பக்கம். பக்கத்து வீட்டு அக்கா இருபது வருடத்துக்கு மேலாக உப்பளத்து வேலைக்குப் போகிறார். விடிவதற்கு வெகுநேரம் முன்பே கிளம்பிவிடுவார். ஒருநாள் அவர் கிளம்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய சாக்ஸை மாட்டி, அதற்கு மேல் பாலித்தீன் பையைச் சுற்றி, கணுக்காலில் ரப்பர் பேண்டு போட்டார். அப்படிப் போட்டும் குதிகால் வெடிப்பில் உப்பு ஏறி, அந்த இடம் ஆறவே மாட்டேன் என்கிறது. சூடு இல்லை, தண்ணீரில் உப்பு எவ்வளவு அடர்த்தி என்று அளக்கும் போமே கணக்கில் கடல்நீர் சுமார் மூன்று டிகிரி இருக்கும், அது வெயிலில் நின்று காய்ந்து 25 டிகிரிக்கு வந்தால்தான் பாத்தியில் உப்பு உறையும். அந்தத் தண்ணீரில்தான் நாள் பூராவும் நின்று வாருகிறார்கள். வெள்ளையில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கெடுக்கிறது. குடிக்கத் தண்ணீர் கொண்டுபோக மாட்டீர்களா என்று கேட்டேன். "கொண்டு போவேன், குடிக்க மாட்டேன். குடிச்சா ஒதுங்க எடம் வேணும்லா" என்றார். அவர் வேலை செய்யும் அளத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி.

ஊருக்குத் திரும்பி வந்ததும் நாங்கள் வழக்கமாக வாங்கும் பாக்கெட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன் (கம்பெனி பெயர் வேண்டாம்). அயோடின் எவ்வளவு, விலை, தேதி எல்லாம் இருக்கிறது, எந்த அளத்தில் விளைந்தது என்று மட்டும் இல்லை. அதில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "இந்திய உப்புதான் மேடம்" என்றார்கள். இரண்டாம் தடவை கேட்டபோதும் அதே பதில். நாம் தினம் வாயில் போடுகிற பொருள், அதை வாருகிறவர்களுக்கு என்ன கூலி, நிழலில் உட்கார ஒரு கொட்டகை இருக்கிறதா என்று கேட்டால் யாராவது ஒருவருக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டாமா? எனக்கு அது பொறுக்கவில்லை.

நெய்தலில் குறைந்தபட்சம் ஊர் தெரிகிறது. அரசாங்கக் கழகம் என்பதால் கூலி என்ன, கழிப்பறை உண்டா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டே கேட்கலாம், சட்டசபையிலும் கேள்வி வரும். தனியார் பாக்கெட்டிடம் அந்த வழி கிடையாது. அரசு உப்பு என்பதாலேயே எல்லாம் சரியாக இருக்கும் என்று நான் சொல்லவில்லை, கேட்க ஓர் இடம் இருக்கிறது, அதற்காகத்தான் இந்தக் காசு.

அப்புறம் கடல். தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் அந்த ஊர் உப்பைச் சோதித்ததில் கடல்நீர் உப்பு, போர்த் தண்ணீர் உப்பு இரண்டிலுமே நுண்ணிய பிளாஸ்டிக் துகள் இருந்தது, கடல்நீர் உப்பில் கூடுதல். கடலில் நாம் கொட்டினதுதான் பாத்தி வழியாகத் திரும்ப வருகிறது. அதனால் எந்தக் கடல் உப்பையும், நெய்தலையும் சேர்த்துத்தான், 'சுத்தமான இயற்கை உப்பு' என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. ஒரு கிலோ உப்புக்கு ஒரு பிளாஸ்டிக் பை என்பதையும் எல்லாக் கம்பெனியும் சேர்ந்து மாற்றியாக வேண்டும்.

அயோடின் இல்லாத கல் உப்புதான் உடம்புக்கு நல்லது என்று சொல்லி விற்கிறவர்களிடம் வாங்காதீர்கள். கடையில் விற்கும்போது 15 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 15 பங்கு) அயோடினாவது இருக்க வேண்டும் என்பது சட்டம், அது முன்கழுத்துக் கழலை நோய் வராமல் இருக்கத்தான்.

சரி, வாங்கலாமா என்றால் வாங்கலாம். நான் தொடர்ந்து வாங்குவேன். பாக்கெட்டில் கூலியையும் அச்சடிக்கச் சொல்லிக் கழகத்துக்கு எழுதப் போகிறேன், நீங்களும் ஒரு கார்டு போட்டால் நல்லது.

போன வாரம் அக்காவிடம் பேசினேன். மழை பிடித்துவிட்டதாம், பாத்தியெல்லாம் தண்ணீர். மழைக்காலத்துக்கு அரசாங்கம் தரும் 5,000 ரூபாயை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார். 2023 டிசம்பர் வெள்ளத்தில் குவித்து வைத்த உப்பெல்லாம் கரைந்து போனதைச் சொல்லிக்கொண்டிருந்தார். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். வேலை இல்லாததால் வெடிப்பு கொஞ்சம் மூடியிருக்கிறதாம்.