சிவானியா, சென்டரா: முதலில் எதைப் படிப்பது?

அமெரிக்கக் கால்பந்தில் சின்னக் கல்லூரி அணிகளின் வரலாற்றைப் படிக்க நினைப்பவர்கள் கடைசியில் சிவானி, சென்டர் என்ற இந்த இரண்டு கல்லூரி அணிகளுக்கு நடுவில்தான் வந்து நிற்பார்கள்.

சாதனை
சிவானி (டென்னசி): 1899இல் 12 ஆட்டம், 12 வெற்றி. மொத்தம் 322 புள்ளி எடுத்து, விட்டுக்கொடுத்தது வெறும் 10. அதுவும் ஆபர்ன் என்ற ஒரே அணியிடம்தான்.
சென்டர் (கென்டக்கி): 1921 அக்டோபர் 29 அன்று ஹார்வர்டு பல்கலைக்கழக அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 6-0 என்று வீழ்த்தியது. சென்டர் வீரர் போ மெக்மிலின் பந்தோடு ஓடி எடுத்த ஒரே டச் டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோவது, 6 புள்ளி).

பட்ட பாடு
சிவானி: அதே 1899இல் ரயிலில் சுமார் 2,500 மைல். டெக்சாஸ், டெக்சாஸ் ஏ அண்ட் எம், டுலேன் ஆகிய பல்கலைக்கழக அணிகளோடு வரிசையாக மூன்று நாள் மூன்று ஆட்டம். ஞாயிறு ஓய்வு. அப்புறம் எல்எஸ்யு (லூசியானா), ஓல் மிஸ் (மிசிசிப்பி) அணிகள். ஐந்திலும் எதிரணிக்கு ஒரு புள்ளிகூட இல்லை. பந்தை முன்னோக்கி வீச அன்று அனுமதி கிடையாது. எல்லாம் உடம்போடு உடம்பு மோதும் ஆட்டம். இன்றைக்கு எந்த மருத்துவரும் இதற்குச் சம்மதிக்க மாட்டார்.
சென்டர்: முந்தைய ஆண்டு அதே ஹார்வர்டிடம் 31-14 என்று வாங்கிக் கட்டிக்கொண்டது.

மிச்சம்
சிவானி: 1932இல் எஸ்இசி என்ற தென்கிழக்குக் கல்லூரி அணிகளின் கூட்டமைப்பு தொடங்கியபோது உறுப்பினர். அதில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் 1940இல் விலகியது.
சென்டர்: மாணவர்கள் வேதியியல் வாய்பாடு போல ‘சி6 எச்0’ (சென்டர் 6, ஹார்வர்டு 0) என்று ஊர்ச் சுவர்களில் எழுதித் தள்ளினார்கள்.

ஒரே மாலையில் படித்து முடிக்க சென்டர் சரி. ஒரு அணியின் ஏற்றமும் இறக்கமும் முழுசாக வேண்டுமென்றால் சிவானி. என் ஓட்டு சிவானிக்கு.